சூட்டில் பார்த்த அளவு

1

பினாங்கில் நான் வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் பற்றவைத்தது என்று தெரியவில்லை. அம்மாவாக இருக்காது; சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டாள். எப்படியோ போகட்டும், விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அது சாராயம் இல்லை, பீர். மாதத்துக்கு ஒரு வாளி. நானும் என் மைத்துனன் ரவியும் குடிக்கிறோம், தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். விற்பதில்லை. கடையில் ஒரு டின் பீர் விற்கிற விலைக்கு ஒரு குடும்பம் இரண்டு வேளை ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்பதால் ஆரம்பித்த பழக்கம்.

எனக்கு வெட்கம் இருக்கிறதுதான், ஆனால் அந்த வாளியைப் பற்றி இல்லை. அப்பா போன பிறகு அம்மா ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் தனியாக இருந்தாள். என்னோடு வந்து இருந்துவிடு என்று வருஷக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன். போன தடவை முட்டி வலியோடு அவள் வாசலில் நின்று கையசைத்ததைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. கடைசியில் ஒருவழியாக, "வந்து பாக்கறேன், புடிச்சா இருக்கறேன்" என்று விமானம் ஏறினாள். இங்கே தங்க மூன்று மாதத்துக்குப் பாஸ் அடித்துக் கொடுத்தார்கள். அது முடிவதற்குள் அவளுக்கு இந்த இடம் பிடித்துவிட வேண்டும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

2

விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இங்கே உள்ளே வருகிறவர்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரு கண்ணாடியில் அழுத்த வேண்டும். அம்மாவின் விரல்களை அந்த மிஷின் எடுக்கவே இல்லை. பால் கறந்து, சாணி வழித்து, தென்னை ஓலை கிழித்துத் தேய்ந்த விரல்கள். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் தானே எழுந்து வந்து, "மக்சிக், குவாட் சிக்கிட்", கொஞ்சம் அழுத்துங்கம்மா, என்று சொல்லி அம்மாவின் விரலை ஈரத் துணியால் துடைத்து அழுத்திப் பார்த்தாளாம். அப்புறமும் வராமல் ஏதோ எழுதி அனுப்பிவிட்டாள். வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "என்ற கைல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க கண்ணு" என்பதுதான். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடலும் பாலமும் தெரியும். நான் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போகிறேன். அங்கே கார் உதிரி பாகக் கடை ஒன்றில் ஸ்டோர் என் பொறுப்பு. என் மனைவி கோமதி பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, பிறகு ரொம்பப் பிடித்துப்போனது. காலையில் "அத்தை, பசியாறிட்டீங்களா?" என்று கோமதி கேட்பாள். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வார்கள். "பசியாறுனயான்னு கேக்கறா பாரு, எத்தன அழகா இருக்குது" என்று அம்மா என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். எனக்கு அது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மகள் நிலா விஷயம்தான் கொஞ்சம் கஷ்டம். இரண்டாம் படிவம், நம்மூர் எட்டாம் வகுப்பு மாதிரி, படிக்கிறாள். பாட்டியிடம் பாசம் உண்டு, வார்த்தை கிடையாது. அம்மா ஒரு கதையை ஆரம்பித்தால் பாதியில் நிலாவின் கண் ஃபோனுக்குப் போய்விடும். நான் அதட்டுவேன். "உடு கண்ணு, அவளுக்கு நான் பேசறது வேற பாஷை" என்பாள் அம்மா. இருவரும் பேசிக்கொள்வதற்கு நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டில் துபாஷி வேலை.

ஆனாலும் இரண்டாவது மாதத்தில் அம்மா இளகிவிட்டாள். கோமதியோடு பசாருக்குப் போய் முருங்கைக்கீரை பேரம் பேசினாள். கீழ் மாடியில் இருக்கும் ஒரு சீனக் கிழவியோடு பாஷையே இல்லாமல் சிநேகமாகி, இருவரும் பூந்தொட்டிப் பக்கம் உட்கார்ந்து ஆளுக்கொரு மொழியில் முட்டி வலியைப் பற்றிப் பேசினார்கள். ஒருநாள் தானாகவே, "பாஸை நீட்டிக்கறதுக்கு எங்க போவோணும்?" என்று கேட்டாள். நான் அன்றைக்கே குடிநுழைவு அலுவலகத்தில் முன்பதிவு செய்துவிட்டேன்.

3

வாளியை அம்மா வருவதற்கு முன்பே துணி துவைக்கும் இடத்தில், மிஷினுக்குப் பின்னால், பழைய கைலிச் சாரம் ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தேன். எத்தனை நாள் மூடுவது? ஒருநாள் வேலையிலிருந்து வருகிறேன், அம்மா சாரத்தை விலக்கிவிட்டு வாளிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாவு புளிச்சுப்போச்சாட்ட வாசம் வந்துதுன்னு பாத்தேன்" என்றாள். "இது குடிக்கறதாடா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தலை நரைத்தவன், பெண்ணைப் பெற்றவன், அம்மாவுக்கு முன்னால் கையும் களவுமாக நின்றேன். அவள் திட்டவில்லை. "சரி, ஊர்ல சொல்லல" என்று மட்டும் சொன்னாள். பிறகு வாளிக்குப் பக்கத்தில் உயரமான குழாயில் மிதந்துகொண்டிருந்ததைக் காட்டி, "இது எதுக்கு?" என்றாள்.

அது ஹைட்ரோமீட்டர். அடியில் குண்டு வைத்த கண்ணாடிக் குச்சி. மேலே மெல்லிய தண்டு, அதற்குள் எண்கள் போட்ட காகிதச் சுருள். மால்ட் பாகைக் கொதிக்கவைத்துத் தண்ணீர் சேர்த்தால் அதில் சர்க்கரை இருக்கும். குச்சி உயரமாக மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னத் திரவம் இளகும், குச்சி கீழே இறங்கும். வெறும் தண்ணீர் என்றால் ஆயிரம். எங்கள் பீர் ஆயிரத்து ஐம்பதில் தொடங்கி ஆயிரத்துப் பத்துக்கு வரும். வந்து, சில நாள் அதே எண்ணில் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன்.

அவள் நடுவிலேயே, "சொசைட்டில பால் டிகிரி பாக்கற குச்சியாட்டவே இருக்குது" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தக் குச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாவோ நிலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஏதோ சந்தைக்குப் போன கதையைச் சொல்வது மாதிரி அதைச் சொன்னாள். பாலை ஊத்துவாங்க, குச்சியைப் போடுவாங்க, குச்சி முங்குச்சுன்னா தண்ணி கலந்த பாலுன்னு அர்த்தம், நம்ம பாலுக்கு முங்கிப்போச்சு, வேண்டாமுன்னுட்டாங்க.

அன்றைக்கு ஏனோ நிலா ஃபோனைப் பார்க்கவில்லை. "பாட்டி, நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி."

"அப்போ அவங்க ஸ்டுபிட் லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கேள்வி அது. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அம்மா "இல்ல சாமி" என்றபோது என் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? பேத்தி கேட்டால் பாவம் வேறென்ன சொல்வாள் என்பதுதான்.

4

அந்தப் பால் விஷயத்தை ஊரில் இன்னும் நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கலாம். எங்களிடம் ஒரே ஒரு கலப்பு மாடு. அதுவரை டீக்கடைக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். பால் சொசைட்டி புதிதாக வந்தபோது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் கட்டிடம் பிடித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கறந்த கையோடு, நுரை அடங்குவதற்குள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடுவாள். வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும், தன் பால்தான் முதலில் கேனில் விழ வேண்டும். மற்றவர்கள் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர நேரமாகும்.

முதல் ஆள் என்பதால் அம்மாவின் பாலில்தான் குச்சி முதலில் இறங்கும். இறங்கவும் செய்தது. சொசைட்டிக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டி, "தண்ணியம்மா, டிகிரி இல்லை" என்றார். மறுநாளும் இறங்கியது. ஒரு வாரத்துக்குப் பிறகு, இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தூக்குப்போசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நடந்து வந்தாள். நானும் கூட இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் "தண்ணிப்பால்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை கூடவே வந்தது.

அம்மா கலந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடிக் குச்சி பொய் சொல்லுமா? வீட்டில் கஷ்டம் வேறு. கலந்திருப்பாள், பாவம், எங்களுக்காகக் கலந்திருப்பாள் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி, நானே மன்னித்தும் விட்டேன். பெரிய மனசுக்காரன் பாருங்கள். வெளிநாடு வந்து சம்பாதித்து அனுப்பிய ஒவ்வொரு தடவையும், இனி அவள் அப்படிச் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வேறு.

5

பாஸ் நீட்டிக்கப் போக வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி என்ன ஒளிவு மறைவு என்று ரவி பட்டப்பகலில் மால்ட் டின்னோடு வந்து இறங்கினான். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். வாய் கொஞ்சம் அதிகம், பீர் விஷயத்தில் யூடியூப் பார்த்தே பாதிப் பேராசிரியர் ஆனவன். எப்போதும் முதல் அளவை அவன்தான் பார்ப்பான். பிறகு வரும் நாட்களில், புளிக்கும்போது சூடு ஏறாமலிருக்க வாளியை ஐஸ் தண்ணீரில் வைத்திருக்கும்போது பார்ப்பவன் நான்.

பாகு கொதித்து இறங்கியது. ரவி தண்ணீர் ஊற்றிக் கோடு வரைக்கும் நிரப்பிவிட்டு, சிகரெட் பிடிக்கப் படிக்கட்டுப் பக்கம் போனான். எனக்குப் பொறுமை இல்லை. குழாயில் கொஞ்சம் எடுத்துக் குச்சியைப் போட்டேன். ஆயிரத்து ஐம்பது வர வேண்டிய இடத்தில் ஆயிரத்து நாற்பத்து நான்கு காட்டியது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ரவி திரும்பி வந்ததும் கத்தினேன்.

"என்னடா, இவ்வளவு தண்ணிய ஊத்தி வெச்சிருக்கே? காசு குடுத்து வாங்குன மால்ட்டுடா. குச்சி முங்குது பாரு. தண்ணி ஊத்திட்டு இல்லேன்னு சொல்லாத."

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கத்தியதைக் கேட்டதும் கையை நிறுத்தினாள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ரவி குழாயைத் தொட்டுப் பார்த்தான். "பானாஸ் லா மச்சான், இன்னும் சூடா இருக்கு. சூட்டுல பாத்தா கம்மியாத்தான் காட்டும். குச்சிக்குள்ள பேப்பர்ல என்னா எழுதியிருக்கு, படிங்க."

எண்களுக்கு மேலே பொடி எழுத்தில் இருபது டிகிரி செல்சியஸ் என்று இருந்தது. இத்தனை மாதம் அந்தக் குச்சியைக் கையில் வைத்திருக்கிறேன், அதைப் படித்ததில்லை.

"அந்தச் சூட்டுக்குத்தான் இந்த நம்பர்லாம் போட்டிருக்காங்க" என்றான் ரவி. "அதுக்கு மேல சூடுன்னா தண்ணி ஊத்துன மாதிரிதான் காட்டும். ஆற வெச்சுட்டுப் பாருங்க, கோட்டுக்கு மேல நான் தண்ணி ஒண்ணும் ஊத்தலை. சும்மா கத்துறீங்க."

குழாயை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினோம். குச்சி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. சரியாக ஐம்பதில் நின்றது. ரவி ஏதோ கிண்டல் செய்தான். எனக்கு அது காதில் விழவில்லை. நுரை அடங்குவதற்குள் ஓடிய அம்மா என் கண் முன்னால் வந்து நின்றாள்.

ஃபிரிட்ஜில் இருந்த பால் பெட்டியை எடுத்தேன். குழாயைக் கழுவி, ஜில்லென்று ஊற்றிக் குச்சியைப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டேன். அதே பாலைக் கறந்த சூட்டுக்குச் சுடவைத்து மறுபடி ஊற்றினேன். குச்சி இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, என் கண் முன்னால் சில கோடுகள் இறங்கி நின்றது. "மச்சான், பால்ல பீர் செய்யப் போறீங்களா?" என்றான் ரவி. சைக்கிளில் காற்றுப் பட்டு ஆறி வந்த பாலுக்கெல்லாம் டிகிரி இருந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்து சுடச்சுட ஓடிவந்த பாலுக்கு இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். கையைத் துடைக்காமல் உள் அறைக்கு ஓடினேன்.

6

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ தண்ணி ஊத்துலம்மா."

"என்ன கண்ணு?"

"சொசைட்டில. நீ கறந்த சூட்டோட கொண்டு போனியல்ல, அதுதான். சூட்டுல அந்தக் குச்சி தப்பாக் காட்டும். இப்பப் பாலை ஊத்திப் பாத்துட்டு வர்றேன். ஆற வெச்சிருந்தா ஒழுங்காக் காட்டியிருக்கும். நீ தண்ணியே கலக்குலம்மா. இப்பத்தான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது."

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். ஊருக்கு ஃபோன் போட்டு எல்லோரிடமும் சொல்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன்.

"நான் கலக்குலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு கீரைக் காம்பை எடுத்து இலையை உருவினாள். உருவிவிட்டு, "உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பள்ளிக்கூடத்துல ஒருத்தன் மண்டைய ஒடச்சுட்டு வந்தியே" என்றாள். "வாத்தியார் கூப்புட்டு உட்டாரு. எங்கம்மாளத் தண்ணிக்காரின்னு சொன்னான், அதான் அடிச்சேன்னு சொன்னியே. அங்க நின்னுட்டு நான் அழுதேன். ஊரே சொன்னா சொல்லட்டும், என்ற பையனுக்குத் தெரியும், அது போதும்னு இருந்துட்டேன். அப்புறம் அன்னிக்கு நிலாகிட்டச் சொல்ற வரைக்கும் அதப்பத்தி யார்கிட்டயும் நான் பேசுனதே இல்ல."

அவனை நான் அடித்தது உண்மை. அவன் பொய் சொன்னான் என்று அடிக்கவில்லை. உண்மையை உரக்கச் சொல்லிவிட்டான் என்று அடித்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்மா, நீ கலக்கலைன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்று ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. அறை வாசலில் நின்றிருந்த கோமதி அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அன்று ரவி சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

அம்மா கீரை கடைந்தாள். எனக்குத்தான் முதலில் போட்டாள். எப்போதும் போல நெய் ஊற்றினாள். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் அதற்கும் இடம் வைக்கவில்லை.

மறுநாள் காலை நான் லீவு போட்டுவிட்டு, பாஸ்போர்ட், நகல்கள், கோமதியின் அடையாள அட்டை எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா குளித்து, திருநீறு பூசி, பெட்டியைத் திறந்து வைத்துச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலாமாம்மா? நேரமாகுது."

"வேண்டாங்கண்ணு. நீட்டிக்க வேண்டாம். நான் ஊருக்கே போறேன்."

"என்மேல கோவமாம்மா?"

"கோவமெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏம்மா? அங்க தனியா, அந்த ஊர்ல, உன்னைத் திருடின்னு சொன்ன சனங்களுக்கு மத்தில..."

அவள் சேலையின் ஓரத்தை இழுத்து நேராக்கிக்கொண்டே சொன்னாள்: "அங்கன்னா யாரு என்ன நெனைக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் கோப்பை மூடிவிட்டு, டிக்கெட் போட்டேன்.